ரத்தம் பார்த்தவர்கள்

ராசிங்காபுரம்
14.7.2024

மதிப்பிற்குரிய முத்துப்பிரியா அம்மா அவர்களுக்கு, தவசி எழுதுவது.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. எழுத்து மட்டும்தான் அன்னக்கொடி டீச்சர் தந்தது. சாயங்கால வகுப்பில் எங்களைப் போன்ற கிழடுகள் ஒன்பது பேர். அதில் கடிதம் எழுதும் அளவுக்கு வந்தவன் நான் ஒருவன்தான். தற்பெருமைதான், மன்னிக்க வேண்டும்.

எனக்கு இப்போது எதைப் பார்த்தாலும் படிக்க வேண்டும். போடி பஸ் ஸ்டாண்டில் யாரிடமும் பஸ் கேட்பதில்லை. கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிறேன். ஒருநாள் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, தேனிக்குப் போக வேண்டியவரைத் தேவாரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அதிலிருந்து கடைசி எழுத்து வரை படித்த பிறகே வாயைத் திறக்கிறேன்.

உங்களுக்கு என்னை நினைவிருக்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்களும் உங்கள் ஆட்களும் எங்கள் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து, மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களிடம் ரத்தம் எடுத்தீர்கள். என் மருமகள் சூர்யகலாவும் தந்தாள். "இந்த ரத்தத்துல என்ன இருக்குன்னு பாத்து எழுதப்போறோம்" என்று சொன்னீர்கள். முகவரி அட்டை ஒன்றும் தந்தீர்கள். அன்று அந்த அட்டை எனக்கு வெறும் அட்டை. இப்போது அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதை எனக்கு அனுப்பிவையுங்கள். நான் படித்துக்கொள்கிறேன். சும்மா கேட்கவில்லை. சூர்யகலாவுக்கு நாள் தள்ளியிருக்கிறது. இதற்கு முன்னால் இரண்டு தங்கியது, இரண்டுமே ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. இப்போதும் தினமும் ஜீப்பில் மலைக்குப் போகிறாள். அவள் போகலாமா, கூடாதா? பூச்சிமருந்தடிக்கிற காட்டில் அவள் ரத்தம் எப்படி இருக்கிறது? உங்கள் எழுத்தில் அது இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடத் தெரிந்த தவசி


சென்னை
2.8.2024

தவசி ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் மிகுந்த மகிழ்ச்சி தந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன்.

நீங்கள் கேட்ட ஆய்வு இரண்டு வருடங்களுக்கு முன்பே வெளியாகிவிட்டது. ஆனால் அது ஆங்கிலத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் ஓர் ஆய்விதழில் வந்திருக்கிறது. அந்த இதழைப் பணம் கட்டும் நூலகங்களும் நிறுவனங்களும்தான் படிக்க முடியும். அச்சானதை நகலெடுத்து அனுப்ப எனக்கு உரிமை இல்லை. வெளியிடும்போது உரிமையை அவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். மேலும், அது எல்லோருடைய முடிவுகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு. தனி ஒருவருக்கான மருத்துவ அறிக்கை அல்ல.

உங்கள் மருமகள் கையுறை அணிந்து வேலை செய்வது நல்லது. வீடு திரும்பியதும் குளித்து உடை மாற்றச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிந்துகொள்ளுங்கள்.

தொடர்ந்து படியுங்கள் ஐயா.

அன்புடன்,
முத்துப்பிரியா


ராசிங்காபுரம்
11.8.2024

முத்துப்பிரியா அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷத்தில் ஒன்றும் புரியவில்லை. தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே எனக்குப் போதும் போல இருந்தது. நான்காவது முறைதான், நான் கேட்டது இதில் இல்லை என்று தெரிந்தது.

அன்னக்கொடி டீச்சர் தன் போனில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடினார். வந்துவிட்டது அம்மா. உங்கள் பெயர் இருந்தது. ஏலக்காய் என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பதாக டீச்சர் சொன்னார். கீழே தள்ளினால் பூட்டுப் படம் ஒன்று. பணம் கட்டினால் திறக்குமாம். எவ்வளவு என்று கேட்டேன். டீச்சர் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த மருதாயி சிரித்தாள். "ரத்தத்தக் குடுத்தது நம்ம, வெல வச்சது எவனோ. ஆட்டுப் பாலக் கறந்துக்கிட்டு ஆட்டுக்கே விக்கிற கதையால்ல இருக்கு" என்றாள். மருதாயியும் அன்று ரத்தம் கொடுத்தவள்.

ஆனால் நீங்கள் வருத்தப்பட வேண்டாம். உங்களால் எங்கள் பெண்களுக்கு நல்லதுதான் நடந்தது. நீங்கள் போன பிறகு ஒரு சேதியும் வரவில்லை. இங்கே எந்த ஆஸ்பத்திரி முகாம் நடந்தாலும் அதுதானே வழக்கம்? கோளாறு உள்ளவர்களுக்குத்தான் போன் வரும், சீட்டு வரும். சர்க்கரை முகாமில் அப்படித்தான் எனக்கு வந்தது. சேதி வராதவர்கள் நல்லா இருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்களிடமிருந்து ஒருவருக்கும் சேதி இல்லை என்றதும் ஊரே சந்தோஷப்பட்டது.

எஸ்டேட்டிலும் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. சூப்பர்வைசர் சீனிச்சாமி காலையில் ஆள் பிரிக்கும்போது, "ரத்தம் பாத்தவுகல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்பாராம். மருந்தடித்து ஈரம் காயாத தோட்டப் பிளாக்குக்கு இவர்களைத்தான் விடுவாராம். மற்றவர்கள் தலை சுத்துது, கண் எரியுது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள், இவர்கள் சோதித்த உடம்பு, தாங்குவார்கள் என்று. மூன்று சீசனாக அப்படித்தான். ஏலச்செடிக்குக் காய் உச்சியில் இல்லை, தூரில் தரையோடு சரம்சரமாகக் கிடக்கும், உங்களுக்குத் தெரியும். சாக்கை மடித்துப் போட்டு அந்தத் தூரிலேயே நாளெல்லாம் உட்கார்ந்து எடுக்கிறார்கள். சூர்யகலாவும் அந்தக் கூட்டத்தில்தான் போகிறாள்.

அதனால் பயம் இல்லை. இருந்தாலும் எழுத்தில் பார்த்துவிட்டால் நிம்மதி. ஆங்கிலத்தில் இருந்தாலும் அனுப்புங்கள். டீச்சர் சொல்லுவார்.

தவசி


சென்னை
17.8.2024

தவசி ஐயா,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உடனே படியுங்கள்.

சேதி வராததற்கு ரத்தம் நன்றாக இருந்தது என்று அர்த்தம் இல்லை. நாங்கள் யாருக்குமே சேதி அனுப்பவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் பழைய பதிவில் சூர்யகலா பெயரில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். உங்கள் மகன் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன். "எடுத்த ரத்தம் போதும், வைங்க" என்று துண்டித்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நாங்கள் கண்டது இது. நரம்புகள் ஒழுங்காக வேலை செய்ய ரத்தத்தில் ஒரு பொருள் வேண்டும். சில பூச்சிமருந்துகள் அதைக் குறைத்துவிடும். மலைக்குப் போகாமல் கீழே வயல் வேலை செய்யும் பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். மலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு ஆறேழு பேருக்கு அது குறைந்திருந்தது. மருந்தடிக்கிற ஆண்களுக்கு அதிகம் குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் அவர்களைவிட, காய் எடுக்கிற பெண்களுக்குத்தான் அதிகம் குறைந்திருந்தது. நீங்கள் எழுதியிருந்த அதே காரணம்தான். அடித்தவர்கள் போய்விடுகிறார்கள், இவர்கள் ஈரத்தில் உட்கார்கிறார்கள்.

சூர்யகலாவை மருந்தடித்த பிளாக்குக்குப் போகவிடாதீர்கள். ரத்தம் பார்த்த யாரும் அங்கே போகக்கூடாது. விலகியிருந்தால் அந்தப் பொருள் மெல்ல மெல்லத் திரும்ப ஏறும். அதுவும் ஆய்வில் இருக்கிறது.

எங்கள் பேராசிரியர் வினோத்குமாரிடம் பேசினேன். ஆய்வு முடிந்த கையோடு ஊருக்கு வந்து சொல்ல வேண்டும் என்று நாங்கள் அப்போது பேசியது அவருக்கு நினைவில்லை. "அந்த எஸ்டேட் அடுத்த ஆய்வுக்கு அனுமதி தரணும். இப்ப ஊருக்குள்ள போய்ப் பேசினா கதவை அடைச்சிடுவான். அடுத்த ஆய்வு பெருசு, அதுல இன்னும் நிறையப் பேருக்கு நல்லது நடக்கும்" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை.

முத்துப்பிரியா


ராசிங்காபுரம்
27.8.2024

முத்துப்பிரியாவுக்கு,

இந்தக் கடிதம் எழுத எனக்கு வெகுநேரம் ஆனது. எழுத்து வராமல் இல்லை, கோபம் அடங்காமல்.

மூன்று சீசன் அம்மா. நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

உங்கள் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்தேன். என் மகன் மகாராஜன்தான் இந்த ஊர்ப் பெண்களை மலைக்கு ஏற்றிப் போகிறவன். ஜீப்புக்கு இன்னும் தவணை ஓடுகிறது. அவன் எழுந்து நின்றுகொண்டான். "ஏம்ப்பா, நாலு எழுத்துப் படிச்சதும் என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?" என்றான். "உன் பொண்டாட்டி வயித்துல இருக்கிறது யாரு பொழப்புடா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. இரண்டு பேருக்கும் முகம் செத்துவிட்டது.

சூர்யகலா பத்தாவது வரை படித்தவள். இந்த வீட்டில் முதலில் படித்தவளே அவள்தான். கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். வாங்கவில்லை. "வேணாம் மாமா. தெரிஞ்சு என்னத்தப் பண்ண? தெரிஞ்சாலும் அந்த ஜீப்புலதேன் ஏறணும். தெரியாம ஏறுனா ராத்திரி தூக்கமாவது வரும்" என்றாள். எழுபது வருடம் தெரியாமல் கிடந்துவிட்டு இப்போது தெரிந்துகொள்ளத் துடிக்கிறவன் நான். தெரிய வேண்டாம் என்கிறவளிடம் என்ன சொல்ல?

என்றாலும் மறுநாள் வேறு பிளாக்கு கேட்டிருக்கிறாள். சீனிச்சாமி, "ஏன், ஒனக்கு மட்டும் தனி ரத்தமா ஓடுது? பாத்து முடிச்ச ஒடம்புதான?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

நான் மற்றப் பெண்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியும் நம்பவில்லை. "அப்புக்குப் படிப்பு தலைக்கேறிருச்சு" என்று என்னையே சொல்கிறார்கள். உங்கள் கடிதத்தைக் காட்டினால், "லெட்டர் யாரு வேணாலும் எழுதலாம். அச்சுல வந்தத கொண்டா" என்கிறார்கள். அவர்கள் கேட்பதில் தப்பு இல்லை.

பூட்டை யாரிடம் போய்த் திறப்பது? நீங்களே சொல்லுங்கள்.

தவசி


சென்னை
15.9.2024

தவசி ஐயா,

உறைக்குள் இருப்பதுதான் அந்த ஆய்வு. முழுவதையும் தமிழில் எழுதியிருக்கிறேன். ஒரு வரி விடவில்லை. பெரிய எழுத்தில் அச்சடித்து, பத்துப் படிகள் வைத்திருக்கிறேன்.

பூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். இதழுக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். கையெழுத்துப் போட்டபோது நான் அதைப் படிக்கவில்லை. யாரும் படிப்பதில்லை. அவர்கள் அச்சுக் கோத்த பக்கங்களை மட்டும்தான் நான் வெளியே தரக்கூடாது. நாங்கள் எழுதிக்கொடுத்த பிரதியை, ஒரு வருடம் கழிந்தால், எங்கள் நிறுவனத்தின் பொதுத் தளத்தில் எல்லோருக்குமாக வைக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. அந்த வருடம் எப்போதோ கழிந்துவிட்டது. பூட்டப்படாத ஒரு கதவு பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நான் தள்ளிப் பார்க்கவில்லை.

நேற்று இரண்டையும் வைத்துவிட்டேன், ஆங்கிலப் பிரதியும் தமிழும். இனி அன்னக்கொடி டீச்சர் மட்டும் இல்லை, சீனிச்சாமியே தன் போனில் திறந்தாலும் திறக்கும்.

படிக்கும் முன் ஒன்று. இந்த ஆய்வு கருவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நாங்கள் அதைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. சூர்யகலாவின் இரண்டு குழந்தைகளும் இதனால்தான் போயின என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. தயவுசெய்து அவரிடம் இதில் இல்லாததைப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

அடுத்த ஆய்வில் என் பெயர் இல்லை. அதைப் பற்றி இப்போது எழுதத் தோன்றவில்லை.

முத்துப்பிரியா


ராசிங்காபுரம்
6.10.2024

முத்துப்பிரியா தாயி,

முதலில் சந்தோஷம். அச்சில் வந்த முழுக் கட்டுரையை நான் படித்து முடித்தேன். பதினோரு பக்கம். சில வார்த்தைகளுக்கு டீச்சரிடம் போனேன். 'ஒப்பீட்டுக் குழு' என்றால் கீழே வயல் வேலை பார்க்கிற நம் அய்யம்மாள் கூட்டம் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளிடம் சொன்னேன். "எனக்குப் பேரு வச்சதே எங்க ஆத்தா ஒரு தடவைதேன், இவுக வேற வச்சிருக்காகளா" என்றாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன திங்கட்கிழமை விடியற்காலை, ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனேன். மகாராஜன் ஜீப்பில் ஏழெட்டுப் பெண்கள் ஏறியிருந்தார்கள். முன்சீட்டில் சூர்யகலா. நான் பின்படியில் ஏறி நின்று படிக்க ஆரம்பித்தேன். என் வேகம் உங்களுக்குத் தெரியாது. ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை போடலாம்.

"வெரசாப் படிங்க அப்பு, சோலிக்குப் போக வேணாமா?" என்று மருதாயி கத்தினாள். ரத்தம் கொடுத்தவர்களையெல்லாம் நம்பர் போட்டு எழுதியிருக்கிறது என்று படித்ததும், "சந்தைக்குக் கொண்டுபோற ஆட்டுக்குத்தேன் நம்பரு போடுவாக" என்று இன்னொருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, நானும் சிரித்தேன். பிறகு அந்த வரி வந்தது. மருந்தடிக்கிறவர்களைவிடக் காய் எடுக்கிற பெண்களின் ரத்தத்தில்தான் அதிகம் குறைந்திருக்கிறது என்கிற வரி.

சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொரு வாட்டி படிங்க" என்றாள் மருதாயி. படித்தேன். அவள் சாப்பாட்டுத் தூக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "ரத்தம் பாத்தவுக, ரத்தம் பாத்தவுகன்னு மூணு வருசமா அந்தப் பிளாக்குல நம்மளத்தானடி வுட்டான்" என்று மெதுவாகச் சொன்னாள். அவள்தான் முதலில் இறங்கினாள். பிறகு ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். மகாராஜன் திரும்பிப் பார்த்து, "எறங்குறவக நாளைக்கு ஏற வரக்கூடாது" என்றான்.

எல்லோரும் இறங்கினார்கள் தாயி. சூர்யகலா இறங்கவில்லை. முன்சீட்டில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த ஜீப்பு அவள் ஒருத்தியை மட்டும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனது. நான் காகிதத்தோடு நின்றேன்.

அன்றைக்கு ஆள் குறைவு. மருந்தடித்த பிளாக்குக்குத்தான் அவளை விட்டார்களாம். சாயங்காலம் வந்தவள் சோறு பொங்கினாள், எனக்கும் போட்டாள். மறுநாள் அவளும் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மருதாயி கூட்டத்துக்கு இப்போது வேலை இல்லை. மருந்தடித்த பிளாக்கைக் காய விட்டு வேலைக்கு விடச் சொல்லி எஸ்டேட்டில் கேட்டார்கள். "காய் தானா உதிர்ந்துரும், காத்திருக்க முடியாது" என்றுவிட்டார்கள். நேற்றிலிருந்து பொட்டிபுரத்திலிருந்து வேறு பெண்களைக் கொண்டுபோகிறார்கள். ஏற்றிப் போகிறவன் என் மகன்தான். தவணை கட்ட வேண்டும், அவன் என்ன செய்வான்?

எங்கள் பெண்கள் தப்பித்த ஈரத்தில் இப்போது அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்காகவா படித்தேன் என்று இருக்கிறது. சூர்யகலா என்னிடம் பேசி ஆறு நாள் ஆகிறது.

தவசி


சென்னை
19.10.2024

தவசி ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. தெரிந்துகொள்வது நல்லது என்றுதான் சிறு வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்துகொண்டவர் வேலை இழப்பார், அந்த இடத்துக்குத் தெரியாதவர் வந்து உட்காருவார் என்று யாரும் சொல்லவில்லை.

கேரளப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறார். தமிழ்ப் பிரதியைத் தளத்தில் பார்த்தாராம். தலைசுற்றல் என்று வருகிற தோட்டத்துப் பெண்களுக்கு அதைப் படித்துக் காட்டுகிறாராம். மலையாளத்தில் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். அதற்கு என்னிடம் கேட்கவே வேண்டியதில்லை என்று எழுதினேன். இந்த மாதத்தில் நான் நிம்மதியாக எழுதிய ஒரே வரி அது.

சூர்யகலாவை ஒன்றும் கேட்காதீர்கள். வேண்டாம் என்பதற்கும் அவருக்கு உரிமை உண்டு. அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

முத்துப்பிரியா


ராசிங்காபுரம்
10.11.2024

முத்துப்பிரியா தாயி,

நீங்கள் சொன்னபடி நான் எதுவும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதைவிடக் கஷ்டம்.

சூர்யகலாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. போன இரண்டும் நின்றுபோன மாதம். வியாழக்கிழமை போடி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு நடுக்கம் இருந்தது, அது குறைந்திருப்பதாக அவளே மருதாயியிடம் சொன்னாளாம். வேறு நல்லது சொல்ல என்னிடம் இல்லை. வீட்டில் எல்லோரும் அவள் முகத்தையே பார்க்கிறோம், பார்க்காதது போல இருக்கிறோம்.

வேலைக்கு வழி இன்னும் வரவில்லை. மருதாயி கூட்டத்தில் நான்கு பேர் கீழே களை எடுக்கப் போகிறார்கள். இரண்டு பேர் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே எப்படி என்று தெரியவில்லை.

இப்போது நான் எழுதுவது நான் பார்த்தது இல்லை. என் மகன் சொன்னது. ஒரு மாதத்துக்கு மேல் பேசாமல் இருந்தவன், நேற்றுக் காலை நான் ஆட்டுக்குக் குழை போடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே சொன்னான்.

நேற்று முன்தினம் அவன் வண்டி எடுக்கும்போது சூர்யகலாவும் முன்சீட்டில் ஏறியிருக்கிறாள். "எங்க வர்ற?" என்று கேட்டிருக்கிறான். "பொட்டிபுரம் வரைக்கும்" என்றாளாம். மலைக்கு வரப்போகிறாள் என்று பயந்து, "வயித்தோட எதுக்குடி" என்று சத்தம் போட்டிருக்கிறான்.

பொட்டிபுரத்தில் பெண்கள் ஏறிய பிறகு அவள் இறங்கிப் பின்பக்கம் போய், சேலைக்குள்ளிருந்து நீங்கள் அனுப்பிய காகிதத்தை எடுத்திருக்கிறாள். அதை எப்போது எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. நின்றபடியே படித்திருக்கிறாள். என்னைப் போல இல்லை, அவள் ஓட்டமாகப் படிப்பாள்.

"வேல போன வயித்தெரிச்சல்ல வந்து நிக்கிறா பாரு" என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். "புருசன் எங்களக் கூட்டிட்டுப் போறான், பொண்டாட்டி எறக்கி விடுறாளாக்கும்" என்று இன்னொருத்தி. "டிரைவரண்ணே, வண்டிய எடுங்கண்ணே" என்று கத்தியிருக்கிறார்கள். சாவி கையில் இருந்தும் அவனால் வண்டியைக் கிளப்ப முடியவில்லையாம். "ஏன்னு தெரியலப்பா" என்றான்.

அவள் நிறுத்தாமல் கடைசி வரை படித்து முடித்தாளாம். உள்ளே மூலையில் வயதான ஒரு பெண், அதுவரை வாயே திறக்காதவள், முன்னால் சாய்ந்து கேட்டிருக்கிறாள்.

"இது எல்லாம் யாரு ரத்தமாம்?"

"என் ரத்தந்தேன்" என்று சொல்லிவிட்டு, சூர்யகலா அந்தக் காகிதத்தை ஜீப்புக்குள் நீட்டினாளாம்.

தவசி